குடும்பத்துக்கு ஒரு குதிரை

லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பி.எம்.டபிள்யூ 328ஐ ரகக் கார் ஒன்று புதிய சிறிய காரின் விலைக்கே கிடைக்கிறதென்றும், குடும்பத்துக்கு வாங்கலாமா என்றும் டில்லி அன்பர் ஒருவர் வினவியிருக்கிறார். வீட்டில் இரு குழந்தைகளும் வயது முதிர்ந்த தாயாரும் உள்ளனர்.

245 குதிரைத் திறனை நாம் குறை கூறவில்லை. குழந்தை ஆசனத்தைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும், நெடுஞ்சாலையில் நம்பத்தக்க பிரேக்கும் நற்குணங்களே. (தாழ்ந்த இருக்கையில் தாயாரை ஒருமுறை அமர்த்திப் பார்ப்பது நலம்.) நமது ஐயமெல்லாம் 2012இல் இங்கு வந்த அவ்வண்டியின் என்20 எஞ்சினைப் பற்றியதே. அதன் டைமிங் சங்கிலிக்கு வழிகாட்டும் பிளாஸ்டிக் பாகங்கள் தேய்ந்து உடைவதுண்டு. சங்கிலி நழுவினால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே பாழாகும். ஆகவே, குளிர்ந்திருக்கும் எஞ்சினை நம் முன்னிலையிலேயே கிளப்பச் சொல்ல வேண்டும். வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளையொலி கேட்டால் பேரத்தை நிறுத்திவிடலாம். விற்பவர் முன்னரே சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லி எழுந்துவிடுவதே உத்தமம்!

மீட்டர் காட்டும் தூரத்தைச் சர்வீஸ் பதிவுகளோடு ஒப்பிடுக. விலையில் மூன்றிலொரு பங்கைப் பழுதுக்கெனத் தனியே வைக்க இயலுமாயின் வாங்கலாம். பிள்ளைகளின் கல்லூரிப் பணத்தைத் தொட நேருமாயின் வேண்டாம் என்போம்.

ஊர் திரும்பும் எண்ணமுள்ளோர் மற்றொன்றும் கவனிக்க: வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் மறுபதிவு அவசியம். அதற்குத் தடையில்லாச் சான்று பெறவேண்டும். அவ்விடத்து வரியும் உண்டு. பழைய உடைமையாளரின் வங்கிக் கடன் பதிவிலிருந்து நீக்கப்பட்டதா என்பதைப் பணம் கொடுக்குமுன் பார்த்துக்கொள்க.