ஜனக்கணக்கும் உப்பளத் தொழிலாளரும்

ஜனத்தொகைக் கணக்கு என்றால் அது ஏதோ சர்க்கார் சிப்பந்திகள் வீடு வீடாய் வந்து தலையை எண்ணிக்கொண்டு போகிற காரியமென்றும், அதனால் நமக்கு ஆவதோ அழிவதோ ஒன்றுமில்லையென்றும் பெரும்பாலான ஜனங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி எண்ணுவது பெருந்தவறு என்று எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம். தலையை எண்ணுவது சுலபமான வேலை. எண்ணிய தலைக்கு என்ன பெயர் கொடுப்பது, எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அடுத்த கணக்கு 2027-ம் வருஷம் மார்ச்சு 1-ந் தேதியைக் குறிப்பு நாளாக வைத்து எடுக்கப்படுமென்று 2025 ஜூன் 16-ந் தேதி மத்திய சர்க்கார் கெஜட்டில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, அவ்வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி, இக்கணக்கில் எல்லாருடைய ஜாதியையும் கேட்டு எழுதுவது என்று மந்திரிசபைக் கமிட்டி முடிவு செய்தது. 1931-க்குப் பிறகு எல்லா ஜாதியாருக்கும் முழு ஜனக்கணக்கு வெளிவந்தது கிடையாது. ஆகவே வெகுகாலத்துக்குப் பிறகு ஜாதிக் கட்டமும் தொழில் கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் போகின்றன. இவை இரண்டும் முன்பு சேர்ந்து உட்கார்ந்தபோது என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

1871-ல் சென்னை மாகாணத்தில் கணக்கெடுத்த கார்னிஷ் என்பவர் ஜனங்களைப் பிரித்த மாதிரியைப் பாருங்கள். உழவுச் ஜாதி, நெசவுச் ஜாதி, எழுத்து வேலைச் ஜாதி, மீன்பிடிக்கும் ஜாதி, பனை வளர்க்கும் ஜாதி என்று பெயர் வைத்தார். அதாவது ஒருவன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்காமலே, அவன் பாட்டன் என்ன வேலை செய்ததாக ஊரார் சொல்லுகிறார்களோ அதை அவன் கழுத்தில் கட்டியாயிற்று. 1891-ல் பெயின்ஸ் என்பவர் காலத்திலும் ஜாதிகளைப் பரம்பரைத் தொழிலை வைத்தே அடுக்கினார்கள். 1901-ல் ரிஸ்லி என்பவர் வந்தார். அவர் தொழிலையும் விட்டுவிட்டு, எந்த ஜாதி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று சமூக அந்தஸ்தை வைத்து வரிசைப்படுத்தச் சொன்னார். மனுதர்மம் ஓலையில் செய்ததைச் சர்க்கார் அச்சுப் புத்தகத்தில் செய்தது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்?

அதன் பலன் என்ன ஆயிற்று? 1911-ம் வருஷக் கணக்கின்போது, எங்களை க்ஷத்திரியர் என்று எழுது, எங்களை வைசியர் என்று எழுது என்று ஜாதிச் சங்கத்தார் மூட்டை மூட்டையாய் மனுப் போட்டார்கள். ஏணியில் ஒரு படி மேலே ஏற்றும்படி கெஞ்சினார்களேயொழிய, இந்த ஏணியே எதற்கு என்று கேட்டவர்கள் வெகு சிலரே. கீழ்ப்படியில் நின்றவனும் தனக்குக் கீழே ஒருவன் நிற்கிறானா என்று குனிந்து பார்த்துத் திருப்தி அடைந்தான்.

நிற்க, 1911-ல் தொழில்களுக்கென்று ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். பிரெஞ்சு தேசத்துப் புள்ளிக்கணக்கு நிபுணர் பெர்ட்டிலோன் என்பவரின் திட்டத்தைத் தழுவி, உலகத்துத் தொழில்களையெல்லாம் 4 பெரும் பிரிவுகளிலும் 55 வகைகளிலும் 169 தொகுதிகளிலும் அடக்கினார்கள். இதில் ஜாதி இல்லை. ஆகையால் முன்னதைவிட மேல் என்றே சொல்லுவோம். ஆனால் இதன் உள்ளே புகுந்து பார்த்தால் வேடிக்கை தெரியும். கோவில் ஊழியம் செய்கிறவர், யாத்திரைக்காரருக்கு வழிகாட்டிக் காசு வாங்குகிறவர், காவி கட்டிப் பிச்சை எடுக்கிறவர் ஆகியோரெல்லாம் வக்கீல், வைத்தியர், உபாத்தியாயர் இவர்களோடு சரியாசனமாய் ‘கற்ற தொழில்கள்’ என்ற பிரிவில் உட்கார்ந்தார்கள். சொத்து வருமானத்தில் காலாட்டிக்கொண்டு சாப்பிடுகிறவருக்கும் அதே பெரும் பிரிவில் இடம் கிடைத்தது. பசிக்குக் கையேந்தியவன் மாத்திரம் ‘உற்பத்தியற்றவர்’ என்ற கடைசிப் பிரிவுக்குப் போனான். கடவுள் பெயரைச் சொல்லிப் பிச்சை எடுத்தால் கற்ற தொழில். வயிற்றின் பெயரைச் சொல்லி எடுத்தால் உற்பத்தியற்ற தொழில்! இது என்ன நியாயம் என்று வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

இந்தத் திட்டத்தில் உப்பளத் தொழிலாளி எங்கே இருந்தார்? நிலக்கரி வெட்டுகிறவரோடும் தங்கம் தோண்டுகிறவரோடும் ‘கனிப்பொருள் எடுத்தல்’ என்ற இடத்தில் இருந்தார். அன்றைக்குத்தான் அப்படியென்று நினைக்க வேண்டாம். 2008-ல் சர்க்கார் வெளியிட்ட தேசியத் தொழில்வகைப் பட்டியலிலும் கடல் நீரைக் காயவைத்து உப்பு எடுப்பது சுரங்கப் பிரிவிலேயே இருக்கிறது. அதே உப்பை மில்லுக்குக் கொண்டுபோய் அயோடின் கலந்தால் அது உணவுப்பண்ட உற்பத்தியாகிவிடுகிறது.

விழுப்புரம் ஜில்லா மரக்காணத்துக்குப் போய்ப் பார்க்கிறவர்கள், அங்கே எந்தச் சுரங்கம் இருக்கிறது என்று சொல்லட்டும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கடற்கரைச் சாலையில் போகிற எவர் கண்ணுக்கும் அந்த அளங்கள் தெரியும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரி, வரப்புக் கட்டி, பாத்தியைக் காலாலேயே மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். பிறகு உப்புத்தண்ணீரைத் தேக்கி ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காய்ச்சுகிறார்கள். கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு. அளவு பார்க்கும் கருவியில் 3 டிகிரி காட்டும் அந்தத் தண்ணீர் 25 டிகிரி வரையில் ஏறினால்தான் உப்புக் கட்டும். அதற்கு மேல் விட்டுவிட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து இறங்கி, சரக்குக் கெட்டுப்போகும். எப்பொழுது தண்ணீர் விடுவது, எப்பொழுது நிறுத்துவது, எப்பொழுது வாருவது என்பதெல்லாம் பாடுபட்டுப் பழகினவருக்கே தெரியும். ஆண்கள் பலகை போட்டு வார, பெண்கள் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். நடுவில் ஒரு கோடைமழை பெய்தால் பட்ட பாடெல்லாம் கரைந்துபோகும். இந்த ஜனங்கள் இதைத் தோண்டுவது என்று சொல்லுவதில்லை. உப்பு ‘விளைகிறது’ என்றுதான் சொல்லுகிறார்கள்.

ஆக, பாடுபடுகிறவர் இதை விளைச்சல் என்கிறார். பட்டியல் இதைச் சுரங்கம் என்கிறது. சட்டமோ மூன்றாவது பெயர் சொல்லுகிறது. பம்பாய் வடாலா உப்பளத்தைப் பற்றிய ஒரு வழக்கில், கட்டிடம் இல்லாத வெட்டவெளியானாலும், கடல் நீரை உப்பாக்குவது உற்பத்தி வேலையேயாகும், ஆகவே உப்பளம் தொழிற்சாலைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. தொழிற்சாலை என்றால் குடிதண்ணீர், கக்கூசு, வேலைநேரம், ஓய்வு எல்லாவற்றுக்கும் முதலாளி ஜவாப்தாரி ஆகிறார். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிற புத்திசாலிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பெயர் தண்ணீர்ப் பானையைக் கொண்டுவந்து வைக்கிறது. மற்றொரு பெயர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

சரி, பட்டியல் தயாரிக்கிறவர்தான் தப்புச் செய்கிறார் என்றால், நாம் என்ன செய்கிறோம்? கணக்கெடுப்பவர் ஓர் உப்பளத் தொழிலாளி வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுவோம்.

“ஐயா, நீங்க என்ன வேலை செய்யறீங்க?”

“என்னங்க சார், கூலி வேலைதான்.”

“அம்மா என்ன செய்யறாங்க?”

“அது சும்மாதாங்க இருக்குது, வூட்டு வேலை.”

இவ்வளவுதான் பேச்சு. இந்த இரண்டு பதிலில் இரண்டு தொழிலாளிகள் செத்துப்போனார்கள். ‘கூலி’ என்ற சொல்லில் தொழில் இல்லை. 1911-ம் வருஷத் திட்டத்திலேயே இப்படிச் சொன்னவர்களைப் போடுவதற்கென்று ‘சரியாக விவரிக்கப்படாத தொழில்’ என்று ஒரு குப்பைத்தொட்டி வைத்திருந்தார்கள். ‘சும்மா இருக்குது’ என்று சொல்லப்பட்ட அந்த அம்மாளோ விடியற்காலையில் எழுந்து அளத்துக்குப் போய், வெயில் ஏறும் வரையில் தலைச்சுமை சுமந்துவிட்டு வந்து அடுப்பு மூட்டினவர். 2011-ம் வருஷக் கணக்கில் வீட்டு வேலை மாத்திரம் செய்கிறவர் ‘வேலை செய்யாதவர்’ என்ற கட்டத்தில் விழுவார். வாடகை வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் அதே கட்டந்தான். நாள் முழுவதும் உழைப்பவரும் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவரும் ஒரே பந்தி!

இது கற்பனை என்று யாராவது சொல்லுவார்களானால், 1961-க்கும் 1971-க்கும் நடுவில் நடந்ததைப் பார்க்கட்டும். 1961-ல் நாட்டில் வேலை செய்யும் பெண்கள் 6 கோடிக்குச் சற்றுக் குறைவு என்று கணக்குக் காட்டிற்று. 1971-ல் அது சுமார் 3 கோடி ஆகிவிட்டது. இந்தப் பத்து வருஷத்தில் மூன்று கோடிப் பெண்கள் மண்வெட்டியையும் கூடையையும் கீழே போட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார்களா? இல்லவே இல்லை. கேள்வி மாறிற்று. ‘உன் முக்கிய வேலை என்ன’ என்று கேட்டார்கள். ‘வீட்டு வேலை’ என்று பதில் வந்தது. பெண்கள் கணக்கிலிருந்து மறைந்தார்கள். ஒரு கேள்வியின் சக்தி எவ்வளவு பாருங்கள்!

இன்னொரு கஷ்டமும் உண்டு. வருஷத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவரே முழுத் தொழிலாளி. குறைந்தால் குறைவேலைத் தொழிலாளி. எந்த வேலையில் அதிக காலம் கழிந்ததோ அதுவே அவர் தொழில். மரக்காணத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் ஜனங்கள் நடவுக்கோ களையெடுப்பதற்கோ வேறு ஊருக்கோ போகிறார்கள். ஒரு பெண் நான்கு மாதம் உப்புச் சுமந்து ஐந்து மாதம் வயலில் வேலை செய்தால், அவர் விவசாயக் கூலி என்று எழுதப்படுவார். உப்பு அவர் கணக்கிலிருந்து கரைந்துவிடும். அளத்திலேயே அதிக காலம் இருந்தவருக்கோ 2011-ல் கிடைத்த பெரும் பிரிவின் பெயர் ‘இதர தொழிலாளர்’. அதே இதரத்தில் சர்க்கார் உத்தியோகஸ்தரும், பாங்கிக்காரரும், புரோகிதரும் இருக்கிறார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்றால், சொல்லுகிறோம். உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை என்பதை உணர்ந்து, குடும்பத்துக்கு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். அந்த நிவாரணத்துக்குத் தனியே பதிவும் பட்டியலும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கு இந்தத் தொகை போதுமா, இந்த ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டுமா, பள்ளிக்கூடம் வேண்டுமா, அளங்களைச் சுருக்கி வேறு காரியத்துக்கு எடுத்தால் எத்தனை குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று கேட்கும்போது, அதிகாரிகள் முதலில் புரட்டுவது ஜனக்கணக்கைத்தான். அதில் நீங்கள் இல்லையென்றால், உங்கள் கஷ்டமும் இல்லை. 1930-ல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்துப் பெரிய கிளர்ச்சி நடந்தது. உப்பின் மேலிருந்த வரியும் 1947-ல் ஒழிந்தது. உப்பைப் பற்றித் தேசமே பேசியாயிற்று. உப்பு விளைவிக்கிறவரைப் பற்றிப் பேசுவதுதான் பாக்கி.

ஜாதியைக் கேட்பதே தவறு, அதனால் ஜாதி வளரும் என்று சில மேதாவிகள் சொல்லுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. வியாதியின் அளவு தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது. எந்த ஜாதியார் எத்தனை பேர் உத்தியோகத்தில் இருக்கிறார்கள், எத்தனை பேர் அளத்தில் நிற்கிறார்கள் என்பது வெளிவந்தே தீர வேண்டும். அதை மறைப்பதால் லாபம் அடைகிறவர்கள் யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜாதியைக் கேட்டவுடன் தொழிலைக் கேட்காமல் தானே எழுதிக்கொள்ளுவது என்பது 1871-க்குத் திரும்பிப் போவதாகும். ஜாதி ஒருவன்மேல் பிறர் சுமத்தியது. தொழில் அவன் கையால் செய்வது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுத எவருக்கும் அதிகாரம் கிடையாது.

ஆகவே மரக்காணம் முதல் வேதாரண்யம், தூத்துக்குடி வரையிலுள்ள உப்பளத் தோழர்களுக்கும் அம்மையார்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். கணக்கெடுப்பவர் வந்தால் ‘கூலி’ என்று சொல்லாதீர்கள். ‘உப்பளத் தொழிலாளி’ என்று சொல்லுங்கள். பாத்தி மிதிக்கிறேன், உப்பு வாருகிறேன், சுமக்கிறேன் என்று வேலையையும் சொல்லுங்கள். வருஷத்தில் எத்தனை மாதம் எந்த வேலை என்பதை முன்னாலேயே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்காக ஆண்கள் பதில் சொல்ல வேண்டாம். அவர்கள் தொழிலை அவர்களே சொல்லட்டும். எழுதினதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். படித்த வாலிபர்கள் இதை ஊர் ஊராய்ப் போய் எடுத்துச் சொல்ல வேண்டும். சர்க்காரும், கணக்கெடுப்பவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது, ‘கூலி’ என்று பதில் வந்தால் அதோடு விடாமல் ‘எதில் கூலி?’ என்று மறு கேள்வி கேட்கும்படியும், வீட்டிலுள்ள பெண்களை நேரில் விசாரிக்கும்படியும் கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டும்.

சோற்றில் உப்பில்லையென்றால் ஒரு வேளை பொறுக்காத நாடு இது. அந்த உப்பை விளைவிக்கிறவர் கணக்கில் இல்லாததை இத்தனை காலமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. இனியாவது பொறுக்காமல் இருக்குமாக.