கல்லாவில் உட்காரும் குணம்



சில மாதங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி இரவு. மணி 11-ஐத் தாண்டிவிட்டது. கிரிவலம் முடித்துத் திரும்புகிறவர்களும் புறப்படுகிறவர்களுமாகத் தெரு நிரம்பி வழிகிறது. நமது கடை வாசலில் ஓர் ஆந்திரக் குடும்பம் வந்து நின்றது. பெரியவர் ஒருவர் கற்கண்டு டப்பாவைக் காட்டி, "இதி எந்த?" என்று கேட்டார். எந்தக் கற்கண்டு என்று கேட்கிறார் போலும் என எண்ணி, டைமண்ட் கற்கண்டு, கட்டிக் கற்கண்டு, பனங்கற்கண்டு மூன்றையும் எடுத்து முன்னால் வைத்தோம். அவர் மறுபடியும் "எந்த?" என்றார். மூன்றாவது முறை கேட்டபோது நமக்குப் பொறுமை போய்விட்டது. "அதான் காட்டியாச்சே, வேணும்னா எடுங்க, இல்லாட்டி நகருங்க" என்று குரலை உயர்த்தினோம். மொழி புரியாவிட்டாலும் தொனி புரியுமல்லவா? அவர் ஒன்றும் சொல்லாமல் குடும்பத்தை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள்தான் சொன்னார்: "அண்ணே, தெலுங்குல எந்தன்னா எவ்வளவுன்னு அர்த்தம். அவரு வெலை கேட்டாரு."

போன வியாபாரம் ஒரு இருநூறு ரூபாய்க்கு இருக்கலாம். அதை விட்டுவிடுவோம். ஆனால் அந்த எரிச்சல் அன்றிரவு முழுவதும் நம்மை விடவில்லை. அடுத்து வந்த உள்ளூர் வாடிக்கையாளரிடமும் சிடுசிடுத்தோம். கடைப் பையனைத் திட்டினோம். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னும் அதே முகம்தான். ஒரு சொல் புரியாததால் வந்த நஷ்டம் கல்லாப்பெட்டியில் பாதி, உடம்பில் பாதி என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் நாம் சற்று மனம் விட்டுப் பேச விரும்புகிறோம்.

நமது ஊரின் தனித்தன்மை

திருவண்ணாமலை வியாபாரியின் நிலை மற்ற ஊர் வியாபாரியின் நிலை போன்றதன்று. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கில் மக்கள் நடக்கிறார்கள். கார்த்திகை தீபத்தின்போது 2,668 அடி உயர மலை உச்சியைப் பார்க்க நாடெங்கிலுமிருந்து கூடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருவோர் பெருகி, பௌர்ணமி அல்லாத நாட்களிலும் தெலுங்கு ஒலிக்காத தெரு இல்லை என்றாகிவிட்டது.

செங்கம் சாலைப் பக்கம் போனால் வேறு உலகம். ரமணர் 1896-இல் இந்த ஊருக்கு வந்தார். 1934-இல் பால் பிரண்டன் எழுதிய நூல் அவரை மேல்நாட்டாருக்கு அறிமுகப்படுத்தியது. அன்று முதல் வெளிநாட்டினர் வந்துகொண்டேயிருக்கிறார்கள். மாதக்கணக்கில் வீடு எடுத்துத் தங்கி, நம் கடைகளில்தான் அரிசி பருப்பு வாங்குகிறார்கள். இன்னொரு பக்கம், ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் கொண்டுவந்து விற்று, உப்பும் எண்ணெயும் வாங்கிப் போகும் மலைவாழ் மக்கள். கடைக்குள்ளேயோ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மூட்டை தூக்கும் இளைஞர்கள்.

ஒரே நாளில் இத்தனை விதமான மனிதர்களோடு நாம் பேசி, விலை சொல்லி, பணம் வாங்க வேண்டியிருக்கிறது. பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கின்றன. நாமோ பொட்டலம் மடிக்கும் நேரத்துக்குள் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள்.

குணமும் இடமும்

வேலைத்திறமைக்கு எந்தக் குணம் அடிப்படை? பல தொழில்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவில் பேரிக், மவுண்ட் என்ற இருவர் 1991-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எந்தத் தொழிலானாலும் பொறுப்புணர்ச்சியும் ஒழுங்கும் உள்ளவரே நன்றாக வேலை செய்கிறார் என்பதே அது. நேரத்துக்குக் கடை திறப்பது, எடை குறையாமல் நிறுப்பது, இரவே கணக்கு முடிப்பது என்று நம் தகப்பனார்கள் வாழ்ந்து காட்டியது இதைத்தான்.

ஆனால் முன்பின் அறியாதவர் வந்து நிற்கும்போது இது மட்டும் போதவில்லை. அங்கே வேறொரு குணமும் வேண்டும். புதியதைக் கண்டு முகம் சுளிக்காமல், "இது என்ன, தெரிந்துகொள்வோமே" என்று நினைக்கிற மனம். இது எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. நம் கடைகளில் அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் என்று நாலைந்து பேர் இருக்கிறோம். கறாரானவர், கணக்கில் புலி, ஆனால் மூக்கின் மேல் கோபம் என்று ஒருவர் இருப்பார். அவரைச் சரக்குக்கும் தராசுக்கும் கணக்குக்கும் வைப்போம். பேச்சில் பிரியமுள்ள பையனை முன்னால் நிறுத்துவோம். குணத்தை மாற்ற முடியாவிட்டாலும் உட்காரும் இடத்தை மாற்றலாம். மூத்தவர் என்பதற்காகவே பௌர்ணமி இரவிலும் கல்லாவில் அவரைத்தான் உட்கார வைப்போம் என்றால், அது மூத்தவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. அவருடைய இரத்த அழுத்தத்தைத்தான் ஏற்றும்.

கற்றுக்கொள்ளக் கூடிய அறிவு

குணம் ஓரளவு பிறவியோடு வருவது. ஆனால் வேற்றுப் பழக்கவழக்கம் உள்ளவரைப் புரிந்து நடந்துகொள்வது கற்றுக்கொள்ளக் கூடியது. இதற்குப் பண்பாட்டு நுண்ணறிவு என்று பெயரிட்டு, கிறிஸ்டோபர் எர்லி, சூன் ஆங் என்ற இரு பேராசிரியர்கள் 2003-இல் நூல் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகள் இதை நான்காகப் பிரிக்கின்றன. நம் கடை மொழியில் சொல்வதானால்: ஒன்று, அவரோடு பழக வேண்டும் என்ற விருப்பம். இரண்டு, அவருடைய வழக்கம் பற்றிய அறிவு. மூன்று, "நான் நினைப்பது சரிதானா?" என்று அந்த நேரத்திலேயே நம்மை நாமே சரிபார்ப்பது. நான்கு, அதற்கேற்பப் பேச்சையும் நடத்தையையும் மாற்றிக்கொள்வது.

2007-இல் சூன் ஆங் குழுவினர் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் செய்து வெளியிட்ட ஆய்வு நமக்கு மிகவும் பயன்படும். தன்னைச் சரிபார்ப்பவரும் நடத்தையை மாற்றிக்கொள்பவரும் வேலையில் சிறந்தார்கள். விருப்பம் உள்ளவரும் நடத்தையை மாற்றிக்கொள்பவரும் புதிய சூழலில் மன நிம்மதியோடு பொருந்தினார்கள். வெறும் அறிவு மட்டும் இந்த இரண்டையும் தந்துவிடவில்லை. பிய்யம் என்றால் அரிசி, பெல்லம் என்றால் வெல்லம், சிந்தபண்டு என்றால் புளி என்று மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அன்றிரவு நமக்குக் குறைந்தது தெலுங்கு மட்டுமன்று. இரண்டாம் முறை "எந்த?" என்று கேட்டபோதே, "நாம் தவறாகப் புரிந்துகொண்டோமோ?" என்று ஒரு நொடி நின்றிருந்தால், விரலாலேயே விலையைக் காட்டியிருப்போம்.

இன்னொன்று பாருங்கள். வெளிநாட்டவர் ஒருவர் இடது கையால் ரூபாய் நோட்டை நீட்டுகிறார். நமக்குச் சுருக்கென்கிறது; லட்சுமியை அவமதித்துவிட்டதாகத் தோன்றுகிறது. அவர் ஊரில் இடக்கைக்கும் வலக்கைக்கும் வேறுபாடே இல்லை. நாமோ அன்பு மிகுதியால், "கல்யாணம் ஆயிடுச்சா? எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்கிறோம். அதை அவர் அத்துமீறல் என்று நினைக்கிறார். இருவரிடமும் குற்றமில்லை, ஆனால் இருவருக்கும் மனவருத்தம். அவமானம் அல்லாத ஒன்றை அவமானமாக எடுத்துக்கொண்டு நாள் முழுவதும் சுமப்பவர் எத்தனை பேர்!

மலையிலிருந்து இறங்கி வருபவர்

தெலுங்குக்காரருக்கும் வெள்ளைக்காரருக்கும் மட்டும் இது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். காரில் வருபவரை "வாங்க சார்" என்று அழைக்கும் அதே வாய், தலையில் புளிக்கூடையோடு வரும் ஜவ்வாது மலைப் பெரியவரை "என்னா வேணும் உனக்கு?" என்று ஒருமையில் கேட்கிறது. அவர் பேரம் பேசத் தயங்குவதை ஏமாளித்தனம் என்று எடுத்துக்கொள்வோரும் நம்மில் உண்டு. புரிந்துகொள்ளும் அறிவைக் காசுள்ளவரிடம் மட்டும் காட்டினால் அதற்குப் பெயர் தந்திரம், அறிவல்ல. பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணிச் செய்வதே வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் சொன்னார். அதை அவர் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில் வைத்ததை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளியூர்க்காரர்தானே, மறுபடியும் வரப்போகிறாரா என்று பௌர்ணமியன்று தண்ணீர் பாட்டிலுக்குக் கூட அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதும் அப்படித்தான். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மாதந்தோறும் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டு வருபவர் ஏராளம். அவர் அடுத்த பௌர்ணமிக்கு வருவார். நம் கடைக்குத்தான் வரமாட்டார்.

வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு

இதைப் படித்துவிட்டு, இனி எல்லோரிடமும் பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டும் போலும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். உள்ளே எரிச்சலும் வெளியே புன்னகையுமாக நிற்பதும் ஒரு வேலைதான், அதற்கும் விலை உண்டு என்று ஆர்லி ஹோக்சைல்ட் என்ற அம்மையார் விமானப் பணிப்பெண்களைப் பற்றிய தமது 1983-ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். போலிச் சிரிப்பு மனிதனைச் சோர்வடையச் செய்கிறது என்று பிற்கால ஆய்வுகளும் காட்டின. எதிரில் நிற்பவர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்று புரிந்துவிட்டால் எரிச்சலே பாதி வராது. அடக்கவும் வேண்டாம், நடிக்கவும் வேண்டாம். ஆகவே இதை வாடிக்கையாளருக்குச் செய்யும் தொண்டு என்று மட்டும் கருத வேண்டாம். நமது இதயத்துக்கும் நாமே செய்துகொள்ளும் உதவி இது.

"நாம் ஏன் வளைய வேண்டும்?"

சங்கக் கூட்டங்களில் சில நண்பர்கள் கேட்கிறார்கள்: "அவர்கள்தானே நம் ஊருக்கு வருகிறார்கள்? அவர்கள் தமிழ் கற்கட்டுமே!" நியாயமான கேள்விதான். பெயர்ப் பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது நம் மாநில விதி. அதில் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் நம் முன்னோரையும் பாருங்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088-இல் சுமத்ராவின் பாரூசில் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் இறுதியில் ஒரு வரி சீன எழுத்து. சொந்த மொழியைக் கைவிடாமலே அடுத்தவர் மொழிக்கு ஒரு வரி இடம் கொடுத்தார்கள். வணிகருடைய தமிழ்ப் பெருமை என்பது நமக்குத் தெரிந்தவரை இதுதான்.

கடைக்குள்ளும் இதே பாடம்

வெளியில் நிற்பவருக்குக் காட்டும் அக்கறையை உள்ளே மூட்டை தூக்குபவருக்கும் காட்ட வேண்டும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவியபோது எத்தனை பேர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. முதலாளியோடு நாலு வார்த்தை பேசிப் பழகியவன் வதந்தியை நம்புமுன் முதலாளியிடம் கேட்பான். பீகார் பையனுக்குத் தீபாவளியைவிட அது கழிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜை பெரிது. அதற்கு விடுப்புக் கொடுத்தனுப்பினால், தீபக் கூட்டத்துக்கு மனமகிழ்ச்சியோடு திரும்பி வருவான்.

செய்யக் கூடியவை

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனைகள் இவை. பௌர்ணமி இரவில் ஒருவரே பன்னிரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காராமல் முறை வைத்து மாறிக்கொள்வோம். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலம் 2021-இல் சட்டத் திருத்தமே செய்திருக்கிறது. ஒரு ஸ்டூல் போடுவோம். விலையை எண்ணில் பெரிதாக எழுதி வைப்போம்; எண்ணுக்கு மொழி தேவையில்லை. உள்ளூருக்கும் வெளியூருக்கும் ஒரே விலை சொல்வோம். ஒரே கேள்வியை ஒருவர் இரண்டாம் முறை கேட்டால், கோபப்படுமுன் நமக்குப் புரியவில்லையோ என்று எண்ணுவோம். கடைப் பண்டங்களின் தெலுங்கு, இந்திப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட ஓர் அட்டையைச் சங்கமே உறுப்பினர்களுக்கு வழங்கலாம். செலவு அதிகமாகாது.

அந்த ஆந்திரப் பெரியவரை நாம் மறுபடி பார்க்கவில்லை. அடுத்து வந்த பௌர்ணமிகளில் "எந்த?" என்று கேட்ட பலருக்கு விலை சொன்னோம். "பாகுந்தி அன்னா" என்று சிரித்துக்கொண்டு வாங்கிப் போனார்கள். அந்த இரவுகளில் கடை சாத்தும்போது கால் வலித்தது, தலை வலிக்கவில்லை.