8085 சும்மா இல்ல பாஸ்!

மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட்டைத் தட்டிக்கிட்டே, "இதை வெச்சு எவன்டா கம்ப்யூட்டர் செஞ்சான்?"னு கொட்டாவி விட்டிருக்கீங்களா? செஞ்சிருக்காங்க பாஸ்!

1983-ல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100. மடியில் வைக்கிற சைஸ், நாலு பென்டார்ச் செல், எட்டு வரித் திரை. உள்ளே பேட்டரியை அதிகம் குடிக்காத 80சி85. அந்தக் கால அமெரிக்க நிருபர்களின் செல்லம்!

இதுக்குச் சொந்தமா மெமரி போர்டு செய்யற ஆளுங்க இன்னிக்கும் இருக்காங்க. சிக்கல் என்னன்னா, 16 அட்ரஸ் லைனுக்கு 64 கேபிதான் கண்ணுக்குத் தெரியும். ரோம் 32, ரேம் அதிகபட்சம் 32. வீடு ஃபுல்! அப்போ புது மெமரியை எங்கே வைக்கிறது? ஒரே ரூமை ஷிஃப்ட் போட்டு வாடகைக்கு விடற டெக்னிக்தான். பேரு, பேங்க் ஸ்விட்ச்சிங். ஒரு லேட்ச் ஐ.சி.க்கு 'அவுட்' இன்ஸ்ட்ரக்‌ஷனில் நம்பர் அனுப்பினா, அந்த நம்பருக்குரிய சிப் உள்ளே வரும், பழையது வெளியே நிற்கும்.

மெஷின் கையில் கிடைச்சா அவசரப்படாதீங்க. போர்டில் இருக்கிற பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி கசிஞ்சு செப்புக் கோடுகளை அரிச்சிருக்கும். அதை முதல்ல கழட்டுங்க. ஆப்ஷன் ரோம் சாக்கெட்டில் 28 கால் இருக்கேன்னு சாதா 27சி256-ஐ நேரா சொருகாதீங்க. கால் வரிசையே வேற! நடுவில் அடாப்டர் வேணும். ஒரு கால் மாறினாலும் நாப்பது வருஷ மெஷின் காலி.

அதனால ஒத்திகையை லேப் கிட்டில் வெச்சுக்குங்க. ஒரு 74373, ரெண்டு 62256 போதும். கருகினாலும் சிப்போட போகும். ஓடிச்சுன்னா? வைவாவுக்கு மனப்பாடமே வேண்டாம்!