ஊமைத் தொலைப்பேசிக்கும் கட்டணமா?

மரக்காணத்தில் அடைமழை இறங்கினால் உப்பளம் மூழ்கும்; விளையாத உப்புக்கு எவரும் விலை தருவதில்லை. 30 நாள் ஊமையாய்க் கிடந்த எம் தொலைப்பேசிக்கோ முழுக் கட்டணச்சீட்டு வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்! கேட்டால், ‘மேலிடத்தில் சொல்லுங்கள்’ என்றனர்.

1885-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் தந்திச் சட்டத்தைக் காட்டி, இத்தகு பிணக்குகள் நுகர்வோர் மன்றுக்கு வாரா என 2009-இல் உச்சநயன்மன்றம் உரைத்தது. அச் சட்டம் தடையன்று என 2022-இல் அம் மன்றமே தீர்த்தது. இன்று விழுப்புரம் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். 5 இலக்க உருபா வரை வழக்குக் கட்டணமுமில்லை.

அளத்துத் தோழர்களே! தமிழில் சீட்டுக் கேளுங்கள்; பிழையைத் திருத்தாவிடின் வழக்கிடுங்கள். உலகுக்கு உப்பிடும் நாம், உரிமை கேட்க வாய்திறவா ஊமையராதல் தகுமோ?