சாவி யார் கையில்?

அரசாங்கத்தின் மடற்பெட்டிக்கே பூட்டு! 2023 ஆகஸ்ட் 26இல் இலங்கை அரசின் மின்னஞ்சலைக் கப்பக் கொள்ளையர் முடக்கினர். மே 17 முதல் அந்நாள்வரை வந்த மடல்கள் மீளவில்லை. ஓடியதோ 2013ஆம் ஆண்டின் மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச். ஆக்கியவரே 2023 ஏப்ரலிற் கைகழுவிய மென்பொருள்! 2021 முதலே மாற்ற எண்ணினராம், பணமில்லையாம். வேலியற்ற வயலில் எருமை புகுந்தால் எருமையையா நோவது?

காணி அனுமதிப்பத்திரத்துக்குக் கல்முனை, சம்மாந்துறைப் பிரதேச செயலகங்களிலும், உர மானியத்துக்குக் கமநல சேவை நிலையத்திலும் காத்து நிற்கும் விவசாயியின் கேள்வி இது: எம் பதிவுகளைத் திறக்கும் கடவுச்சொல் எத்தனை பேரிடம்? மாற்றலாகிச் சென்றவரின் கணக்கு மூடப்பட்டதா? எக்கணினியில் எவ்வாண்டு மென்பொருள்? முத்திரைக் காசையும் எண்ணும் கணக்காய்வாளர் இதனை எண்ணினாரா? பணமில்லை என்னாதீர்! இதற்கு வேண்டியது ஒரு பட்டியலும், அதைப் படித்துக் கையொப்பமிட அஞ்சாத ஓர் அதிகாரியுமே.