கூர்ப்பு வெறும் ஊகமா?

“கூர்ப்பு வெறும் கொள்கைதானே?” என்று மேடையேறிக் கேட்போர் இன்றும் உளர். கேள்வியோடு நின்றால் கவலையில்லை. இந்தியாவின் மத்திய பாடநூல் நிறுவனம் 2023 இல் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து அப்பாடத்தையே அகற்றிற்று. 1,800 க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டுக் கண்டித்தனர்.

நிரூபணம் வேண்டுவோரை நீதிமன்றத்துக்கே அழைப்போம். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து டோவர் என்னும் சிற்றூரின் பாடசாலைச் சபை, உயிர்களை அறிவுள்ள கர்த்தா ஒருவர் வடிவமைத்தார் என்னும் வாதத்தை உயிரியல் வகுப்பில் நுழைத்தது. பெற்றோர் 11 பேர் வழக்கிட்டனர். சபையின் தலையாய நிபுணர் மைக்கேல் பீஹி, உடலின் நோய்த்தடுப்பு முறைமை கூர்ப்படைந்த வகைக்கு விஞ்ஞானத்தில் விடையில்லை என்பவர். குறுக்கு விசாரணையில் அதுபற்றிய 58 ஆய்வுரைகளும் 9 நூல்களும் அவர் முன் அடுக்கப்பட்டன. போதா என்றார்! தமது வரைவிலக்கணப்படி சோதிடமும் விஞ்ஞானக் கொள்கையாகும் என்றும் ஒப்புக்கொண்டார். நியாயதுரந்தரர்கள் இதனைச் சுவைப்பர். 20.12.2005 அன்று நீதிபதி ஜோன் ஜோன்ஸ், அவ்வாதம் விஞ்ஞானமன்று எனத் தீர்ப்பளித்தார். அவரை நியமித்தவர் ஜனாதிபதி புஷ். நாத்திகர் சதி என்று சொல்லவும் வழியில்லை.

காணி வழக்கொன்றில் இரு உறுதிகள் வருகின்றன. இரண்டிலும் ஒரே வரியில் ஒரே எழுத்துப்பிழை. நொத்தாரிசுகள் இருவர் தனித்தனியே அவ்வாறே தவறினர் என்றால் எந்த நீதிபதி நம்புவார்? ஒரு மூலத்தின் இரு படிகள் என்றே கொள்வார். பசுவும் நாயும் உயிர்ச்சத்து ‘சி’யைத் தம் உடலிலேயே ஆக்குகின்றன. மனிதனால் இயலாது, சிம்பன்சியாலும் குரங்காலும் இயலாது. அதற்குரிய பரம்பரையலகு இம்மூன்றிலும் சிதைந்து கிடக்கின்றது. சிதைவின் வடுக்கள் பலவும் ஒரே இடத்தில்! தூரத்துச் சுற்றமான தேவாங்கு இனத்தில் அது இன்றும் பழுதின்றி இயங்குகின்றது.

கமக்காரர் இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கபிலநிறத் தத்தியை எதிர்க்கும் ஐ.ஆர். 26 என்னும் நெல்லினம் 1973 இல் பிலிப்பைன்ஸில் வெளியிடப்பட்டது. அந்நெல்லையும் உண்டு வாழவல்ல சில தத்திகள் தப்பின, ஏனையவை மடிந்தன. தப்பியவற்றின் சந்ததியே வயலை நிரப்ப, சில ஆண்டுகளுக்குள் அந்நெல் தோற்றது. தத்தி எதனையும் கற்றுக்கொள்ளவில்லை. தெரிவு நடந்தது, அவ்வளவே. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ஏர் பிடிக்கும் பிள்ளை, இதை அறியாமல் ஒரே மருந்தைப் போகத்துக்குப் போகம் தெளித்து நட்டப்படுமாயின், அந்நட்டத்தைப் பாடத்தை வெட்டியவர்களா கட்டித் தருவர்?