ஓடுவதற்குப் பணம் உண்டு, நிற்பதற்கு இல்லை

பழைய லொறியொன்றை வாங்கி, அதன் எஞ்சினுக்குத் தன் கையாலேயே வலு ஏற்றிவிட்டால் வருமானமும் தானாக ஏறிவிடும் என்றொரு நம்பிக்கை நம் இளைஞர் சிலரிடம் வேரூன்றியிருக்கிறது. கைத்தொலைபேசியில் நான்கு காணொளிகள், ஒரு ஸ்பானர் பெட்டி, ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வு, கட்டாரிலிருந்து மூத்தவர் அனுப்பிய பணம். இவ்வளவும் போதுமாம். போதாது என்கிறேன் நான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரியாததல்ல. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 தொடக்கத்தில் கதவு திறந்தபோது, வரியும் ரூபாவின் வீழ்ச்சியும் சேர்ந்து புதிய லொறியை எட்டாக்கனியாக்கியிருந்தன. மகாவலி மணலையும் நெல்லையும் மீனையும் ஏற்றிப் பிழைக்கும் கிண்ணியா, குறிஞ்சாக்கேணி மக்களுக்குப் பழைய எல்ஃபும் கன்டரும்தான் கதி. இருப்பதைத் திருத்தி ஓடுவது புத்திசாலித்தனம். அதில் எனக்குப் பிணக்கில்லை. கணக்கில்லாமல் திருத்துவதோடுதான் பிணக்கு.

டீசல் பம்பின் திருகாணியைச் சற்றுத் திருப்பினால் எரிபொருள் கூடுதலாகப் பாயும், இழுவை கூடும். செலவு ஏதுமில்லை என்பார்கள். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் விளைவது கரும்புகை. அத்துடன் எஞ்சினுக்குள் வெப்பம் ஏறும், பிஸ்டன் தாங்காது. காற்றுக்காகப் பழைய டேர்போ ஒன்றைப் பூட்டினால், ரேடியேட்டர் போதாது என்பது பிறகு தெரியவரும். அதையும் மாற்றினால் கிளட்ச் வழுக்கும். கிளட்சை மாற்றினால் கியர்பெட்டி முனகும். இலவசமாகத் தொடங்கிய வேலை பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் கடனாக முடியும். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது என்பதை யாரும் முன்கூட்டி எண்ணுவதில்லை.

இந்த ஆசையை ஊட்டும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே அது வார இறுதிப் பொழுதுபோக்கு. லொறி ஒரு மாதம் கழற்றிக் கிடந்தாலும் வேலைக்குப் போக முற்றத்தில் இன்னொரு கார் நிற்கும். இங்கே முற்றத்தில் நிற்பது ஒன்றே ஒன்று. அடுப்பு எரிவதும் அதனால்தான். அது நிற்கும் ஒவ்வொரு நாளும் ஓட்டக்கூலி போகிறது, கிளீனரின் சம்பளம் போகிறது. லீசிங் தவணையோ நிற்பதில்லை. இரண்டு நாள் வேலை என்று தொடங்கியது, கொழும்பிலிருந்து வரவேண்டிய ஒரு கேஸ்கட்டுக்காக இரண்டு கிழமை இழுபடும். நேரத்தைச் செலவுப் பட்டியலில் எழுதாதவன் பாதிக் கணக்கையே எழுதியிருக்கிறான்.

இவை கைநட்டத்தோடு போகும். அப்படிப் போகாத ஒன்றும் உண்டு. மணிக்கு 40 கிலோமீற்றரில் போன லொறியை 60இல் ஓட்டினால், அதை நிறுத்துவதற்கு பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. பாரத்தையும் கூட்டினால் இன்னும் மேலே. வேகத்துக்குப் பணம் ஒதுக்கியவர்களில் எத்தனை பேர் பிரேக் பட்டைக்கும் பிரேக் எண்ணெய்க்கும், உப்புக்காற்றில் துருவேறிய குழாய்களுக்கும், தேய்ந்த டயருக்கும் ஒதுக்கினார்கள்?

"இத்தனை நாள் ஓடவில்லையா?" என்று கேட்பவர்கள் குறிஞ்சாக்கேணியிலாவது அப்படிக் கேட்கக்கூடாது. பாலம் கட்டும் பணி நடந்த காலத்தில், மாற்று ஏற்பாடாக ஓடிய படகுப்பாதை 2021 நவம்பர் 23 அன்று இங்கேதான் கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர். அதுவும் அதற்கு முதல்நாள் வரை ஓடிக்கொண்டிருந்ததுதான். அதிகாரிகளின் பொறுப்பைப் பற்றி அன்று நாம் உரக்கப் பேசினோம், பேசவேண்டியதே. அதே கேள்வியை நமது கராஜுக்குள்ளும் கேட்க வேண்டாமா? A15 வீதியின் ஓரமாகவும் பிள்ளைகள்தான் பாடசாலைக்கு நடந்து போகிறார்கள்.

ஆகவே கணக்கின் வரிசையை மாற்றுங்கள். முதலில் பிரேக், டயர், ஸ்டியரிங். அடுத்து ரேடியேட்டர், எஞ்சின் எண்ணெய், காற்று வடிகட்டி, இன்ஜெக்டர் சுத்திகரிப்பு, வால்வு இடைவெளி. இழந்த வலுவில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வரியிலேயே திரும்பிவிடுவதை அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் சொல்வார். அதன் பிறகும் பணம் மிஞ்சினால் டேர்போவைப் பற்றிப் பேசலாம். போட்ட தொகையில் மூன்றிலொரு பங்கை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். குறித்த நாட்களை இரட்டிப்பாக்குங்கள். அந்த நாட்களின் ஓட்டக்கூலியையும் செலவாக எழுதுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்தன்று இழப்பீட்டுக்குக் குறுக்கே நிற்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். டேர்போவுக்கென்று தம்பி பணம் கேட்டால் மறுக்கவேண்டாம். "பிரேக் மாற்றிய பற்றுச்சீட்டை முதலில் அனுப்பு" என்று மட்டும் கேளுங்கள். அவன் கோபித்துக்கொள்வான். கோபிக்கட்டும்.